ஆம்பூர் அப்பாவுக்கு: உங்கள் பொண்ணு கேட்ட படிப்பு தப்பில்லை

வணக்கம் ஐயா.

என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன வாரம் மகளோடு என் ஆபீசுக்கு வந்திருந்தீர்கள். அவள் படியிறங்கிப் போன பிறகு, வாசலில் நின்று மெதுவாகக் கேட்டீர்கள்: "இருபத்தெட்டு வருஷம் தோல் பதனிடுற டேனரி நாத்தத்துல நான் நின்னது போதாதா சார்? இவ லெதர் டெக்னாலஜின்றா, சுற்றுச்சூழல்ன்றா. கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லுங்க." வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. டேனரிக் கழிவுநீரால் பாலாறு என்ன ஆனது என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் தொடரப்பட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்று விவகாரத்தில் மறுபடி ஒரு தீர்ப்பு. ஒரே ஆற்றுக்காக முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்றால், இதில் செய்ய வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? உங்கள் பொண்ணுக்கு அது புரிந்திருக்கிறது.

உப்பையே எடுத்துக்கொள்வோம். பச்சைத்தோல் கெடாமலிருக்க, அதன் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஊறவைக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. மற்ற கழிவையாவது சுத்திகரிப்பு நிலையத்து பாக்டீரியா தின்னும். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. அதனால்தான் ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து டேனரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புநீரை நீராவியில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காய்ச்ச எரிபொருள் வேண்டும், கரண்ட் வேண்டும். கடைசியில் கிடைக்கிற கலவை உப்பையும் லேசில் விற்க முடியாது, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆற்றில் இருந்த பிரச்சினை கொட்டகைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் யோசனை பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வந்தது. ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தட்டி எடுத்தால் என்ன? உப்பைக் குறைத்தோ, குளிர்பதனத்தில் வைத்தோ தோலைக் காப்பாற்றினால் என்ன? தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமும் இதே கதைதான். பழைய முறையில் டிரம்மில் போடும் குரோமில் 30 முதல் 40 சதவீதம் வரை தோலில் ஏறாமல் கழிவுநீரில் போகும். இன்று அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே கொண்டுபோகிறார்கள். அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீரே ஊற்றாமல் குரோம் ஏற்றும் முறையையும் கண்டுபிடித்திருக்கிறது. சாக்கடையில் போனது முதலாளியின் காசு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் எந்த முதலாளியும் காது கொடுப்பார். வெளிநாட்டு ஷூ பிராண்டுகள் வேறு, டேனரிகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைத் தணிக்கை செய்யும் லெதர் ஒர்க்கிங் குரூப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆர்டர் தருகின்றன. அந்தத் தணிக்கைக்குத் தண்ணீர், ரசாயனம், கரண்ட் எல்லாவற்றையும் அளந்து எழுத ஆள் வேண்டும்.

சரி, எந்தப் படிப்பு? இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பையனை, பெயரில் பசுமை இருக்கிறது என்பதற்காகவே ஒரு தனியார் கல்லூரியின் புதுப் படிப்பில் சேரச் சொன்னேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தது, எதையும் இயக்கத் தெரியவில்லை. இப்போது செல்போன் கடையில் இருக்கிறான், பார்த்தால் நன்றாகத்தான் பேசுவான், எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். அதனால் இளநிலையில் சுற்றுச்சூழல் வேண்டாம், அதை எம்.இ.யில் எடுத்துக்கொள்ளட்டும். முதல் சாய்ஸ், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்தில் லெதர் டெக்னாலஜி. அடுத்தது, நல்ல கல்லூரி எங்கே கிடைத்தாலும் கெமிக்கல். இரண்டும் கிடைக்காவிட்டால் வேலூர் பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் போடலாம்; ஆர்.ஓ.வையும் ஆவியாக்கியையும் ஓட்டுவது அவர்கள்தானே. தோல் தொழிலே சரிந்தாலும் கெமிக்கலோ மெக்கானிக்கலோ படித்தவள் அதோடு சேர்ந்து சரிய மாட்டாள். ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் கருவிகள் செய்கிறார்கள், அதுவும் இதே வகை வேலைதான்.

கம்ப்யூட்டர் கெட்ட படிப்பில்லை. ஆனால் உங்கள் பொண்ணு என்னிடம் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "எங்க நைனா கையில இருக்கிற வெடிப்பு சுண்ணாம்பாலயா, சல்ஃபைடாலயா சார்?" என்று கேட்டாள். முடி நீக்க அவற்றுக்குப் பதில் என்சைம் போடலாமாமே என்று அவளே தேடிப் படித்திருக்கிறாள்.

பணத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும் முன் ஒரு வேலை. உங்கள் டேனரி மேனேஜரிடம் அனுமதி கேட்டு, மகளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். லேபில் இருப்பவர் என்ன படித்தார், எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று அவளே கேட்கட்டும். நாத்தம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள் என்றால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவோம். ஞாயிறு தவிர தினமும் சாயங்காலம் ஆபீசில்தான் இருப்பேன்.