மூலிகைச் சேர்மங்களால் மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியுமா?

மஞ்சளில் உள்ள குர்குமின் மார்பகப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று படித்ததாகவும், உங்கள் அக்கா கீமோதெரபியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கீமோதெரபியை நிறுத்த விடாதீர்கள். மருந்தியல் படித்த காலத்தில் தாவரச் சாறுகளைப் புற்றுநோய்ச் செல்கள் மீது சோதித்தவன் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தாவரங்கள் மீது எனக்கு அவநம்பிக்கை இல்லை. அக்காவுக்கு ஏற்றப்படும் மருந்தே ஒரு மரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். அதில் இருந்த பாக்லிடாக்சல் என்ற சேர்மத்தின் அமைப்பை வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும் 1971இல் வெளியிட்டார்கள். அது செயல்படும் விதத்தை மருந்தியல் ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் 1979இல் விளக்கினார். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994இல்தான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் நுண்குழாய்கள் கூடவும் வேண்டும், கலையவும் வேண்டும். பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிப்பதால், செல் பாதிப் பிரிவிலேயே சிக்கி மடிகிறது. நித்தியகல்யாணிச் செடியின் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்களை மாற்றியமைத்து உருவாக்கிய வினோரெல்பின் என்ற மற்றொரு புற்றுநோய் மருந்து, இதற்கு நேர்மாறாக, அந்தக் குழாய்களைக் கூடவே விடுவதில்லை.

பட்டையிலிருந்து மருந்து வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத் தட்டில் செல்கள் சேர்மத்திலேயே மூழ்கிக் கிடக்கின்றன. உடலில் அப்படி இல்லை. வாய்வழி உட்கொள்ளும் குர்குமினைக் குடலும் கல்லீரலும் வேகமாக மாற்றிவிடுவதால், நாளொன்றுக்குப் பல கிராம் எடுத்தாலும் இரத்தத்தில் சேரும் அளவு, தட்டில் செல்களைக் கொன்ற அளவை எட்டுவதே அரிது. நான் சோதித்த முதல் சாறு எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஒரே இரவில் கொன்றபோது மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்திலேயே இயல்பான செல்களையும் வைத்துப் பார் என்றார் என் ஆசிரியர். அவையும் அதே அளவில் செத்துப்போயிருந்தன.

இதைவிடக் கவலைக்குரியது, மூலிகைச் சேர்மங்கள் மற்ற மருந்துகளின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பது. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாமாக்சிஃபென், உடலில் எண்டாக்சிஃபெனாக மாறித்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. 2019இல் நெதர்லாந்தில் பதினாறு நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், குர்குமின் எடுத்தபோது எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. குர்குமின் நன்கு உறிஞ்சப்படுவதற்காக மாத்திரைகளில் சேர்க்கப்படும், மிளகிலுள்ள பைப்பரினும் உடன் இருந்தபோது இன்னும் குறைந்தது.

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. வேறு உறுப்புகளுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை முற்றிலும் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களின் இறப்பு அபாயம், சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது என்று அதில் உள்ளது. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி எங்கு வந்தாலும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ஏற்கெனவே ஏதேனும் மூலிகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தப் புட்டியை அப்படியே எடுத்துச் சென்று, அடுத்த கீமோதெரபிக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.