முளைக்காத தக்காளி விதைக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்க்க, நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விதைப் பாக்கெட் வாங்கினேன். 20 விதை போட்டதில் மூன்றுதான் முளைத்தன. கேட்டால், “உங்கள் மண் சரியில்லை” என்கிறார் கடைக்காரர். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கேட்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனிச் சாரலிலோ ஐப்பசி அடைமழையிலோ திறந்த மாடியில் விதைத்திருந்தால் விதை அழுகியிருக்கும். ஒரு அங்குல ஆழத்தில் புதைத்திருந்தாலும் முளை மேலே வரத் திணறும்.

பாக்கெட்டில் விதை மீதி இருக்கிறதா? பத்து விதைகளை ஈரத் துணியில் மடித்து, காயவிடாமல் நிழலில் வையுங்கள். விதைச் சட்டத்தின் தர அளவுப்படி தக்காளியின் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். ஆக, பத்து நாளில் ஏழு விதையாவது வெள்ளை முளை நீட்ட வேண்டும். துணியிலும் இரண்டு மூன்றுதான் என்றால் மண்ணின் மேல் பழி போட முடியாது.

முன்பக்கத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். குவியல் எண் (லாட் நம்பர்), சோதனை செய்த நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறை என்றால் அதுவே புகாருக்குப் போதும்.

பில்லும் உறையும் இருந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விதை வழக்குகளையும் அங்கே கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. இருந்தாலும் 60 ரூபாய்க்கு அவ்வளவு அலைவானேன்? விதை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். அவர் கடையிலேயே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம்; கடைக்காரருக்கு அதுதான் உறைக்கும்.

அடுத்த முறை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளி ரகத்தை வாங்கிப் பாருங்கள். அதன் பழத்திலிருந்தே மறுபோகத்துக்கு விதை எடுக்கலாம், வீரிய ஒட்டு ரகத்தில் அது நடக்காது. வளர்ந்த செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். நம் மேற்குப் பகுதியின் புளிப்பு மண்ணுக்கு அது பழகிய நோய். அதைத் தாங்கும் ரகங்களான ‘சக்தி’, ‘முக்தி’, ‘அனகா’ கேரள வேளாண் பல்கலைக்கழகத்தினுடையவை. உங்களுக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம்தானே.