நீச்சல் குளத்தில் கரையும் பத்து பவுன்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): கோவை வடவள்ளிப் பக்கம் 2018இல் வீடு கட்டினோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பின்பக்கம் 24 அடிக்கு 12 அடியில் நீச்சல் குளமும் கட்டினோம். இப்போது மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், மகன் ஹாஸ்டலில். நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குளத்துக்கு மாதம் 9,000 ரூபாய்தான் ஆகிறது, ஆனாலும் கையில் பணம் நிற்பதில்லை. 2021இல் குளம் கசிந்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய மனைவியின் 10 பவுனை வைத்து 2 லட்சம் வாங்கினேன். வருடா வருடம் மாற்றி வைத்ததில் இப்போது அது 5.2 லட்சம், வட்டி 9.5 சதவீதம். ஞாயிறு தவறாமல் மச்சான் குடும்பத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர் குளிக்க வருவார்கள். ‘வீட்டுக்கடன் மேல் 6 லட்சம் டாப்-அப் வாங்கி, உப்புநீர் சிஸ்டம் போட்டு, பகல் வாடகைக்கு விடலாம், மாதம் 40,000 வரும், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார் மச்சான். எப்.டி.யில் 5 லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்? மனைவி கல்யாணங்களுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: கடிதத்தை நீங்கள் முடித்த இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த 9,000 ரூபாயைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உண்மையான தொகை இல்லை.

ஆள் சம்பளம் 6,000, குளோரின், ஆசிட், பாசி மருந்து 3,000. இவை நீங்கள் கையால் எடுத்துக் கொடுக்கும் பணம், அதனால் நினைவில் இருக்கிறது. மின்சாரம் கரன்ட் பில்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும். நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட். வெறும் 480 யூனிட் என்றால் பெரிய தொகை இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பில்லின்படி ஏசி, ஃப்ரிட்ஜ் என்று வீட்டுக்கே 600 ஆகிவிடுகிறது. குளத்தின் 480 அதற்கு மேல், விலை கூடிய படிகளில் போய் உட்காருகிறது. 800 தாண்டினால் யூனிட் பத்து ரூபாய்க்கும் மேல். ஆக, குளத்துக்கு மட்டும் பில்லுக்கு 5,000, வருடத்துக்கு 30,000.

அப்புறம் தண்ணீர். சராசரி ஆழம் நாலரை அடி என்று வைத்தால் உங்கள் குளம் சுமார் 37,000 லிட்டர் பிடிக்கும். வெயில் காலத்தில் தினமும் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகப் போகும், அது 150 லிட்டர். வாரம் ஒருமுறை மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கம் ஓட்டிக் கழுவும்போது, ஆயிரம் லிட்டராவது சாக்கடைக்குப் போகும். கசிவு ஒரு சொட்டு இல்லாமலேயே மாதம் எட்டாயிரம் லிட்டருக்கு மேல் ஊற்றியாக வேண்டும். போர் ஓடும்வரை இது கண்ணில் படாது. போர் கைவிடும் கோடையில் எட்டு லாரி வாங்கியதாகச் சொல்கிறீர்கள். லாரி 2,000 என்றால் 16,000.

மோட்டார் காயில் எரிந்தது, டைல்ஸ் பெயர்ந்தது, வால்வு மாற்றியது என்று ஐந்து வருட ரிப்பேரைக் கூட்டி வகுத்தால் வருடத்துக்கு 30,000 வருகிறது.

ஆள், மருந்து 1,08,000. மின்சாரம் 30,000. தண்ணீர் 16,000. ரிப்பேர் 30,000. மொத்தம் 1,84,000, அதாவது மாதம் 15,000க்குக் கொஞ்சம் மேல். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நான் சேர்க்கவில்லை, அது உங்கள் குடும்ப விஷயம்.

சரி, பட்டறை நடத்துகிற ஒருவருக்கு மாதம் 15,000 பெரிய தொகையா? இல்லைதான். கையிருப்பிலிருந்து செலவழித்திருந்தால் ‘உங்கள் ஆசை, உங்கள் பணம்’ என்று இங்கேயே முடித்திருப்பேன். நீங்கள் செய்வது வேறு. பற்றாக்குறை வரும்போதெல்லாம் நகைக் கடனை மாற்றி வைக்கிறீர்கள். அதுதான் உங்களைக் கெடுக்கிறது, குளம் இல்லை.

நீங்கள் கொடுத்த தொகைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2021இல் 2 லட்சம். அடுத்த வருடம் 2.6, பிறகு 3.3, பிறகு 4.2, இப்போது 5.2. நகை அதே பத்து பவுன், ஒரு குண்டுமணி கூடவில்லை. தங்கம் விலை ஏறியதால் வங்கி கூடுதலாகக் கொடுத்தது, நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். கூடிய 3.2 லட்சத்தில் நாலு வருட வட்டி மட்டும் சுமார் 1.15 லட்சம். அதாவது வட்டியைக் கட்டுவதற்கே கடன் வாங்கி, அந்தக் கடனுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மீதி 2 லட்சம் குளத்துக்குள் போனது.

இந்தப் பழக்கத்தில் வலியே தெரியாது என்பதுதான் ஆபத்து. கிரெடிட் கார்டு என்றால் மாதாமாதம் குத்தும். நகைக் கடன் வருடத்துக்கு ஒரு நாள்தான் எட்டிப் பார்க்கும், அன்றைக்கும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பும். விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு இது. 2013இல் உலகச் சந்தையில் தங்கம் ஒரே வருடத்தில் கால்பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு வருடம் உங்கள் மறு அடகு தேதியில் வந்தால் வங்கி கூடுதலாகக் கொடுக்காது, வித்தியாசத்தைக் கட்டு என்று நோட்டீஸ் அனுப்பும். கட்ட முடியாவிட்டால் ஏலம்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கடனை முழுசாகக் கட்டினால்தான் புதிதாக வைக்க முடியும் என்று வங்கி சொல்வதால், அந்த ஒரு நாளுக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கி, நகையை மீட்டு, அதே சாயங்காலம் திரும்ப வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் வட்டி கேட்பதில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் நாலைந்து லட்சம் கைமாற்று கொடுப்பவரிடம் ஞாயிற்றுக்கிழமை ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று உங்களால் சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா? 6 லட்சம் யோசனைக்கும் ‘முடியாது’ என்று சொல்ல வராமல்தான் எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்த யோசனைக்கு என் பதில், வேண்டாம். உப்புநீர் சிஸ்டம் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. ‘குளோரினே இல்லாத குளம்’ என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் குளத்தில் நூறு கிலோவுக்கு மேல் உப்பைக் கொட்டி, மின்சாரம் பாய்ச்சி, அந்த உப்பிலிருந்தே குளோரின் எடுக்கிற கருவி அது. ஆசிட் அப்போதும் ஊற்ற வேண்டும். மோட்டார் அப்போதும் ஓட வேண்டும். உங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு குழாயில் படிவது போலவே அதன் தகடுகளிலும் படியும். தகடு சில வருடங்களில் தேய்ந்துவிடும், மாற்றுவது சில்லறைச் செலவு இல்லை. மருந்துச் செலவில் மாதம் 2,000 மிச்சமாகும் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24,000. ஆறு லட்சத்துக்கு 9 சதவீதம் என்றாலும் முதல் வருட வட்டி மட்டும் 54,000 ஆகுமே!

வாடகைக் கணக்கு இன்னும் விளையாட்டு. நாளைக்கு 5,000 வீதம் மாதம் எட்டு நாள் என்று போட்டிருக்கிறார். மழை மாதங்கள், பரீட்சை மாதங்கள் எல்லாம் எங்கே? முன்பின் தெரியாத இருபது பேர் இறங்கும்போது கரையில் யார் நிற்பது? வருகிறவர்களில் பாட்டில் கொண்டு வருபவர்களும் இருப்பார்கள். ஒரு குழந்தை மூழ்கினால் போலீஸ் தேடி வருவது வீட்டுக்காரரை, மச்சானை இல்லை. வீட்டுக் காப்பீடு பொதுவாகக் குடியிருப்புக்கு எடுப்பது, தொழில் செய்த இடத்தில் நடந்ததற்குப் பணம் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கட்டண மின் இணைப்பில் தொழில் நடத்தினால் மின்வாரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகு உங்களுக்கு ஆசை இருந்தால் ஒரு சோதனை வைக்கலாம். மச்சானை மூன்று லட்சம் போட்டுப் பங்குதாரராக வரச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் அடுத்த மறு அடகு பிப்ரவரியில். அதில் ஒரு ரூபாய் கூட மேற்கொண்டு வாங்கக் கூடாது. எப்.டி.யை இப்போதே உடைத்து 2.5 லட்சத்தை நகைக் கடனில் கட்டுங்கள். ‘அவசரத்துக்கு’ என்று வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஏழு சதவீதத்துக்கும் கீழே வட்டி வாங்கி அதற்கு வரியும் கட்டிக்கொண்டு, மறுபக்கம் ஒன்பதரை கட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள். கடன் 2.7 லட்சமாக இறங்கும்.

குளத்தை நிறுத்தினால் 1,84,000 மிச்சம் என்று துள்ள வேண்டாம், நாலு வருடத்தில் குளத்துக்குள் போன அந்த 2 லட்சத்தை வகுத்தால், அதில் வருடத்துக்கு 50,000 கடன் பணம்தான். உங்கள் சொந்தப் பணம் மிஞ்சுவது சுமார் 1,34,000, அதாவது மாதம் 11,000. அதை அப்படியே நகைக் கடனுக்குத் திருப்பினால் இரண்டே கால் வருடத்தில் கடன் முடியும்.

நிறுத்துவது என்றால் மோட்டாரை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது இல்லை. நாலு நாளில் பச்சையாகும், பத்து நாளில் கொசுப் பண்ணை, பிறகு சுகாதாரத் துறை ஆள் வருவார். காலியாகவும் விடக் கூடாது. மழையில் நிலத்தடி நீர் ஏறினால் வெறுங்குளத்தைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடும்.

எனக்குப் பிடித்த வழி, அதை மூடி மழைநீர்த் தொட்டியாக்குவது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நம்மில் பலர் அதை ஒரு குழாயோடு முடித்துக்கொண்டோம். உங்களிடமோ வாட்டர்ப்ரூஃபிங் செய்த 37,000 லிட்டர் தொட்டி தயாராக இருக்கிறது. 1,500 சதுர அடி மொட்டை மாடி, கோவையின் மழை வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி என்றால், வீணாவது போக 65,000 லிட்டருக்கு மேல் இறங்கும். லாரிக்குக் கொடுத்த காசும் மிச்சம். மேலே கான்கிரீட் ஸ்லாப் போட 288 சதுர அடிதான், ஒரு லட்சத்தை ஒட்டி வரலாம். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். எப்.டி.யின் மீதியிலிருந்து அதைக் கொடுத்தாலும் 1.5 லட்சம் அவசரத்துக்கு நிற்கும். மேலே நாற்காலி போட்டால் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து உட்காரவும் இடமாகும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள்.

பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்கிறீர்கள். மகள் போன வருடம் எத்தனை நாள் வீட்டில் இருந்தாள், அதில் எத்தனை நாள் குளத்தில் இறங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள். நீங்களே கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்பது நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பத்து பவுனும் ஒரே கடனில் இருந்தால், பல வங்கிகளில் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. பிப்ரவரியில் வைக்கும்போது மூன்று தனிக் கடன்களாகப் பிரித்து வையுங்கள். சின்னதை முதலில் அடைத்தால் அந்த நகை உடனே கைக்கு வரும். அன்றைக்கு மனைவியையும் வங்கிக்கு அழைத்துப் போங்கள். ஆரம் முதலில் வர வேண்டுமா, வளையலா என்று அவர் சொல்லட்டும்.