பழைய நகர முற்றத்தின் சித்திரத்தை எப்படி ரசிப்பது?

பழைய நகர முற்றம் ஒன்றின் சித்திரத்தில் எதைப் பார்த்து ரசிப்பது என்ற கேள்விக்கு, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1494-ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள இன்ஸ்புரூக் கோட்டையின் உள்முற்றத்தை நீர்வண்ணத்தில் தீட்டிய, இன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள படத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

முதலில் தரையின் வெறுமையைப் பாருங்கள். அங்கே மனிதர் எவரும் இல்லாததால்தான் கதவுகளும் சன்னல்களும் செங்குத்தான கூரைகளும், யாரோ சற்றுமுன் உள்ளே சென்றதுபோன்ற உணர்வோடு நம்மை ஈர்க்கின்றன. அடுத்து, தொலைவை நோக்கிச் செல்லும் கோடுகளை விரலால் தொடர்ந்து பாருங்கள். கணக்குப்படி வரைந்தால் இத்தகைய இணைகோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில் கூட வேண்டும்; இங்கே அவை அப்படிக் கூடுவதில்லை. இதை நான் குறையாகவே கருதவில்லை. பிற்காலத்தில், 1525-இல், அளவியல் பற்றி, அதாவது அளந்து வரையும் முறை பற்றி, தனி நூலே வெளியிட்ட டியூரர், இளமையில் கணக்கைவிடக் கண்ணையே நம்பி, ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே உற்றுநோக்கியிருக்கிறார் என்பதையே அந்தக் கோடுகள் காட்டுகின்றன.