பீர் ஆலை முதலாளி நிறுவிய பெண்கள் கல்லூரி

கேள்வி: அமெரிக்காவின் புகழ்பெற்ற வாசர் கல்லூரி, பீர் விற்ற பணத்தில் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பது உண்மையா? அதை நிறுவியவர் யார்?

பதில்: உண்மைதான். மாத்யூ வாசர் 1792-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். 1796-இல் அவருடைய குடும்பம் கடல் கடந்து வந்து, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பொகிப்சி ஊரையொட்டிக் குடியேறியது. தந்தை ஜேம்ஸ், ஏல் என்னும் ஆங்கிலப் பாணி பீரைக் காய்ச்சி விற்று, பின்னர் ஊருக்குள் ஆலையும் வைத்தார்.

1811-இல் அந்த ஆலை தீக்கிரையானது. அடுத்த சில நாள்களுக்குள், எஞ்சியதை மீட்கலாம் என்று தொட்டிக்குள் இறங்கிய அண்ணன் நச்சுக்காற்றால் மாண்டார். பீர் நொதிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியிலேயே தேங்கிவிடும். நிறமில்லாத அந்த வாயுவை அறியாமல் குனிபவர் சில மூச்சுகளிலேயே நினைவிழந்து விழுந்துவிடுவார். ஆலையையும் அண்ணனையும் ஒருசேர இழந்தபோது மாத்யூவுக்கு வயது 19. தளர்ந்துவிடாமல் சிறிய அளவில் தாமே பீர் காய்ச்சி, தாமே கொண்டுபோய்க் கொடுத்து, நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிப்பி உணவும் ஏலும் விற்கும் கடையையும் நடத்தினார். பிற்காலச் செல்வத்தைவிட இந்த உழைப்பே அவரை நமக்கு நன்றாக அடையாளம் காட்டுகிறது என்பது என் கருத்து.

தொழில் பெருகியது, மணமாகியும் பிள்ளைகள் இல்லை. லண்டனில் கய் மருத்துவமனையைப் பார்த்தபின், தாமும் ஒரு மருத்துவமனை கட்ட எண்ணியிருந்தார். பெண்கல்வியின் பக்கம் அவர் மனத்தைத் திருப்பியவர்களில், பெண்களுக்குப் பள்ளி நடத்திய உறவினர் லிடியா பூத்தும், அப்பள்ளியைப் பின்னர் வாங்கி நடத்திய மைலோ ஜூவெட்டும் முக்கியமானவர்கள். கல்லூரியின் வரலாற்றைச் சொல்லும்போது லிடியாவின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

1861 பிப்ரவரியில், 4,08,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களைச் சிறிய தகரப் பெட்டியொன்றில் வைத்து, 200 ஏக்கர் நிலத்துடன் அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். ஆணுக்குள்ள அறிவாற்றலே பெண்ணுக்கும் படைப்பிலேயே வாய்த்திருப்பதால், அதை வளர்த்துக்கொள்ளும் உரிமையும் சமமே என்று அன்றே அவர் சொன்னார். அது வெறும் மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை: 1865-இல் 353 மாணவியருடன் கல்லூரி திறக்கப்பட்டபோது வானாய்வு நிலையம் அங்கே தயாராக இருந்தது, வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற மரியா மிட்செல் அங்கு வானியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.