வேப்பெண்ணெயைப் பிரியாமல் நிறுத்த எந்தத் தூள்?

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கேட்கிறார்: "போர் தண்ணீரில் காதி சோப்பைக் கரைத்து வேப்பெண்ணெய் கலந்தால் திரிதிரியாகத் திரிந்து எண்ணெய் மிதக்கிறது. கந்தகத் தூள் போட்டால் பிரியாது என்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள் அண்ணாச்சி. எண்ணெயும் கந்தகமும் சேர்ந்து இலையில் பட்டால் கொழுந்து கருகும், அதுவும் நம்ம ஊர் வெயிலில். கந்தகம் அடித்திருந்தால் மூன்று நான்கு வாரம் கழித்தே எண்ணெய் அடியுங்கள்.

ஆனால் தூள் எண்ணெயைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. நுண்ணிய தூள் எண்ணெய்த் துளியைச் சுற்றி ஓடு மாதிரி படிந்துகொள்ளும். துளிகள் முட்டினாலும் ஒன்றாகாது. இங்கிலாந்தில் பிக்கரிங் என்பவர் பழமரங்களுக்கு அடிக்கும் எண்ணெயை இப்படிச் சோப்பே இல்லாமல் கலக்கி, 1907-ல் எழுதி வைத்தார். அவர் எடுத்த தூள், மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேரும்போது உண்டாவது. நாம் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான். அப்போ அதிலேயே வேப்பெண்ணெயை ஊற்றலாமே என்று தோன்றும். நான் ஊற்ற மாட்டேன். சுண்ணாம்பு கூடினால் அந்தக் காரத்தன்மையில், வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற பொருள் சிதைந்துவிடும். சொறி நோய்க்குப் போர்டோவைத் தனியாகவே அடியுங்கள்.

உங்களுக்கு ஏற்றது கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் தூள். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் சோப்பைத் திரிய வைக்கிறது. களிமண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலையில் வெள்ளையாகப் படிந்தால் பூச்சி உட்காரவும் தயங்கும்.

10 லிட்டருக்கு 300 கிராம் கயோலின், 300 மில்லி வேப்பெண்ணெய். முதலில் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரையுங்கள். இந்த வரிசை முக்கியம்: தூளை எண்ணெயில் முதலில் போட்டால் கலவை தலைகீழாகி, எண்ணெய்க்குள் தண்ணீர் சிக்கிக் கெட்டியாகிவிடலாம். கூழில் எண்ணெயை நூலாக ஊற்றி, விடாமல் வேகமாக அடித்து, பிறகு மீதித் தண்ணீரை விட்டு, துணியில் வடிகட்டுங்கள்.

முதலில் ஒரு பாட்டிலில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். வெள்ளையாக ஆடை திரண்டு, குலுக்கினால் கலந்துவிட்டால் சரி. மஞ்சளாக எண்ணெய் தனியே நின்றால் அடிக்காதீர்கள். சோப்பில்லாத ஒட்டும் திரவம் லிட்டருக்கு ஒரு மில்லி சேர்த்து மறுபடி பாருங்கள்.

சாயங்காலம் இரண்டு மரத்தில் மட்டும் அடித்து, நாலைந்து நாள் கொழுந்தைப் பார்த்தபின் மற்ற மரங்களுக்குப் போங்கள். டேங்கை அடிக்கடி குலுக்குங்கள், முடிந்ததும் நாசிலை உடனே கழுவுங்கள். காயில் வெள்ளை ஒட்டியிருக்கும். சந்தைக்கு அனுப்புமுன் அலசிவிடுங்கள்.