கர்நாடக சங்கீதம் கற்க ஏஐ செயலி போதுமா, பாட்டு டீச்சர் வேண்டுமா?

சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள் வரைக்கும் செயலி சமாளிக்கும். குழந்தைக்கு ஏழெட்டு வயது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், சனி ஞாயிறு டிராஃபிக்கில் கூட்டிப்போக முடியவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் 20 வருடமாகப் பாட்டு சொல்லித்தருகிறேன். பிழைப்பு போய்விடுமென்று பயந்து எழுதுகிறாள் என்று யாராவது வருவார்கள். என் வகுப்பில் ஓடுவதே எலக்ட்ரானிக் தம்புராதான், ஐயா.

போன வருடம் ஒரு பெண்ணுக்கு ஸ்ருதி லேசாக இறங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் சாதகம் செய்யும்போது பார்த்துக்கொள் என்று அப்படி ஒரு செயலியைச் சொன்னதே நான்தான். பாடினால் கோடு ஓடும். சரியாக நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு, கடைசியில் மார்க். இரண்டே மாதத்தில், ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகத்தில் ஸட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) ஆணி அடித்தது போல நின்றன. எனக்கே பெருமை.

அப்புறம் 'ஏரா நாபை' ஆரம்பித்தோம், தோடி ராகத்தில் வர்ணம், வரிசைகளைத் தாண்டி வரும் பெரிய பாடம். தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓர் இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே அசையும், அந்த அசைவுக்குப் பெயர்தான் காந்தாரம். செயலிக்குத் தெரிந்ததோ ஹார்மோனியக் கட்டை மாதிரி அசையாத பன்னிரண்டு ஸ்வரக் கட்டங்கள். அவள் அசைத்தபோதெல்லாம் சிவப்பு. குழந்தை என்ன செய்யும்? அசைப்பதை நிறுத்திவிட்டது. ஒரு சனிக்கிழமை "மிஸ், 96 மார்க்!" என்று ஓடிவந்து பாடிக் காட்டினாள். ஸ்வரம் ஒன்றும் தப்பில்லை. தோடியைத்தான் காணோம், சிந்துபைரவி ராகத்தின் வாடை அடித்தது.

ஃபோனைப் பையில் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நான் ஒரு தடவை, அவள் ஒரு தடவை என்று காந்தாரத்தை மட்டும் பாடினோம். நான்கு மாதம். இன்றைக்கும் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாடினால் காந்தாரம் நேராகிவிடுகிறது.

அது பழைய செயலி, புது ஏஐக்குக் கமகமெல்லாம், அதாவது ஸ்வரத்தை இப்படி அசைப்பதெல்லாம், அத்துப்படி என்பீர்கள். இருக்கலாம். கமகத்துக்கு வளையாது என்று ஹார்மோனியத்தையே 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ தள்ளிவைத்தது, 1971 வரை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஸ்ருதி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வர்ணம் வந்ததும் அந்த மார்க்கை மறைத்துவிடுங்கள்.

சாதகம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அபார்ட்மென்டில் காலை ஆறு மணிக்குப் பாடுவது தொந்தரவாம், லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஐந்தரைக்கு மோட்டார் போடுகிறார்களே, அது எந்த ஸ்ருதி? நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதே செகரட்டரி, மார்கழி வந்தால் "சபா பாஸ் ஏதாவது இருக்குமா மேடம்?" என்று வாசலில் நிற்கிறார்.